சபையில் ஒத்தை ஆள்!

"ஏண்ணே, பி.டி.ஆர்.னா யாரு?"

மார்க்கையன்கோட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். அதற்கே கடை இரண்டுபட்டுவிட்டது!

நான் மதுரையில் ஆபீஸ் உத்தியோகம். மார்க்கையன்கோட்டை, அத்தை வாக்கப்பட்ட ஊர். சின்னமனூரில் பஸ் மாறி, ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல் வயலைப் பார்த்துக்கொண்டே போனால், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு முன்னாடியே வந்துவிடும். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஏழரைச் சனிக்காரர்கள். மிச்சம் கால்வாசிதான் என்னைப் போல சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள். (யாருடைய நிலைமை மோசம் என்பது அவரவர் சொந்தக்காரரைப் பொறுத்தது!)

பக்கத்து ஸீட்டுக்காரர் விரித்த பேப்பரில் ஒரு செய்தி. பி.டி.ஆர். கால்வாய், தந்தை பெரியார் கால்வாய் இரண்டிலும் தண்ணீர் திறப்பு. 5,146 ஏக்கர் பாசனம் பெறும். இந்தப் பக்கம் வருஷா வருஷம் வருகிற செய்திதான். தந்தை பெரியாரைத் தெரியும். இந்த பி.டி.ஆர்.?

முதலில் பதில் சொன்னது பைக்கில் சாய்ந்து நின்ற ஒரு தம்பி. "என்னண்ணே, இதுகூடத் தெரியாதா? நிதி மந்திரியா இருந்தாருல்ல... ஜி.எஸ்.டி. மீட்டிங்ல இங்கிலீஷ்ல பொளந்து கட்டுனாரே, அவருதான்!"

பஜ்ஜி மாவு கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை உதறினார். "அட, அது பேரன்டா. பி.டி.ஆர்.னா பழனிவேல்ராஜன். ஸ்பீக்கரா இருந்தாரு."

ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் தப்பு. பி.டி.ஆர்.னா சர்."

"ஸாரா? வாத்தியாரா இருந்தாரா?"

"அந்த ஸார் இல்ல தம்பி. வெள்ளக்காரன் குடுத்த சர்!"

மூணு பேர் சொன்னதும் சரிதான். தாத்தா, மகன், பேரன் மூவருமே பி.டி.ஆர். பேரன் பழனிவேல் தியாகராஜன், 2021 முதல் 2023 வரை நிதி அமைச்சர். மகன் பழனிவேல்ராஜன், 1996 முதல் 2001 வரை சபாநாயகர். 2006-ல் மந்திரியாகப் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே காலமாகிவிட்டார். ஆனால் அந்த மூன்றெழுத்தை முதலில் சட்டசபைக்குள் கொண்டுபோனவர் தாத்தா. பொன்னம்பல தியாகராஜன். சுருக்கமாக, பி.டி.ராஜன். இதோ, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற உத்தமபாளையத்தில் 1892-ல் பிறந்தவர்.

இந்த ஆளின் கதை நம்மை மாதிரி மாசச் சம்பளக்காரர்களுக்குக் கொஞ்சம் ஸ்பெஷல். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

*

வசதியான குடும்பம். படிப்புக்கு உத்தமபாளையம் பத்தவில்லை, மதுரை பத்தவில்லை. நேரே இங்கிலாந்து! கேம்பிரிட்ஜில் லீஸ் ஸ்கூல், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் ஜீஸஸ் காலேஜ். சட்டமும் படித்தார். திரும்பி வந்து கொஞ்ச காலம் வக்கீல் தொழில். பிறகு ஜஸ்டிஸ் கட்சி. 1920-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு முதல் தேர்தல் வந்தபோது ஜெயித்து உள்ளே போய்விட்டார். வயசு 28!

நமக்கு 28 வயசில் புரொபேஷன் பீரியட் முடிந்திருந்தாலே பெரிய விஷயம்.

ஆனால் அந்தத் தேர்தலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மாகாணத்தின் ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல். ஓட்டுரிமை இருந்ததோ சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. சொத்து இருக்கணும், வரி கட்டணும். அப்போதுதான் ஓட்டு. அந்தத் தேர்தலில் பெண்களுக்கும் கிடையாது. ஓட்டுரிமை இருந்தவர்களிலும் சாவடிக்கு வந்தது மூணு லட்சத்துச் சொச்சம் பேர்தான். அதாவது வயலுக்குச் சொந்தக்காரர் ஓட்டுப் போடலாம். வயலில் இறங்கி நாத்து நட்டவருக்கும் களை எடுத்தவளுக்கும் தேர்தல் நடந்த தேதிகூடத் தெரிந்திருக்காது.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலைக்கு ஆகும்.

1920-ல் நுழைந்தவர் 1937 வரை வெளியே வரவில்லை. பதினேழு வருஷம்! இடையில் 1923, 1926, 1930 என்று தேர்தல் வந்து வந்து போனது. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்ததைப் பார்த்தார். சுப்பராயன் வந்ததைப் பார்த்தார். 1930-ல் முனுசாமி நாயுடு மந்திரிசபை அமைத்தபோது இவரும் மந்திரி. வளர்ச்சித் துறை. ரெண்டே வருஷத்தில் கட்சிக்குள் குழப்பம். நாயுடு போய் பொப்பிலி ராஜா வந்தார். மேனேஜர் மாறினார், இவர் ஸீட் மாறவில்லை!

மந்திரி என்றால் என்ன சம்பளம் தெரியுமா? மாசம் 4,333 ரூபாய். இன்றைக்கு இல்லை ஸார், 1930-களில்! உலகமே பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த காலம். நெல் விலை அதலபாதாளத்துக்குப் போய், பாடுபட்ட சம்சாரி தீர்வை கட்டத் தடுமாறிய காலம். 1937-ல் காங்கிரஸ் மந்திரிகள் வந்து 500 ரூபாய் போதும் என்று சொன்னபோது ஜனங்கள் ஏன் கை தட்டினார்கள் என்பது புரிகிறதா? ஜஸ்டிஸ் கட்சி தோற்றதற்கு ஆயிரம் காரணம் எழுதுகிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருக்கிறது.

சம்பளம் அத்தனை பெரிசு. அதிகாரம்? அங்கேதான் வேடிக்கை. அதற்கு 'இரட்டை ஆட்சி' என்று பெயர். பாதி இலாகா நம் மந்திரிகளிடம், பாதி இலாகா கவர்னர் கையில். போலீஸ் கவர்னருடையது. நில வரி கவர்னருடையது. பாசனமும் கவர்னருடையது! பெரியாறு அணைத் தண்ணீர் 1895-ல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் ரத்தமே அதுதான். பள்ளத்தாக்கின் பிள்ளை மெட்ராஸில் மந்திரி. ஆனால் அவர் ஊர் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் அவர் இலாகா இல்லை. "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று ஆந்திராக்காரர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

*

1936 ஏப்ரலில் பொப்பிலி ராஜா ஐரோப்பா கிளம்பினார். "நான் வர்ற வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க" என்கிற கதைதான். ஏப்ரல் 4-ம் தேதி பி.டி.ராஜன் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். இன்றைய கணக்கில் முதலமைச்சர். ஆகஸ்ட் 24-ம் தேதி ராஜா திரும்பி வந்தார். இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். மொத்தம் நாலரை மாசம் சொச்சம்.

ஆபீஸில் இன்சார்ஜ் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேனேஜர் லீவில் போவார். சாவி உங்கள் கையில். கையெழுத்தும் போடலாம். ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார மட்டும் மனசு வராது! அவர் திரும்பி வந்ததும் "எல்லாம் ஓகேதானே?" என்பார். நீங்களும் "ஓகே ஸார்" என்பீர்கள். நாலு மாசமாய் ராத்திரி தூங்காததை யாரும் கேட்கமாட்டார்கள்.

இதை நான் சொன்னதும் டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஜில்லா ராசியே அதுதான் தம்பி! எங்க ஓ.பி.எஸ். மட்டும் என்னவாம்?"

அட, ஆமாம்! பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம் 2001-ல் ஜெயலலிதாவுக்குப் பதிலாக முதல்வர் ஆனார். 2002-ல் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். 2014-ல் மறுபடி ஆனார், 2015-ல் மறுபடி கொடுத்தார். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்து மூன்றாவது முறை உட்கார்ந்தபோது திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அப்போதும் அது ரெண்டரை மாசத்துக்கு மேல் நிலைக்கவில்லை. வைகையும் முல்லைப் பெரியாறும் ஓடுகிற இந்த மண்ணில், முதல்வர் நாற்காலியைப் பத்திரமாய் வைத்திருந்து ஒப்படைக்கிற வேலையை 1936-லேயே ஒருத்தர் தொடங்கி வைத்திருக்கிறார்!

*

1937. தேர்தல். 215 இடத்தில் காங்கிரஸுக்கு 159. பொப்பிலி ராஜாவே வி.வி.கிரியிடம் தோற்றார். பி.டி.ராஜனின் பதினேழு வருஷ சட்டசபை வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. ராஜாஜி பிரதமர். (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.)

தோற்ற கட்சிக்கு என்ன ஆகும்? நம்ம ஆபீஸ் நஷ்டத்தில் ஓட ஆரம்பித்தால் என்ன ஆகுமோ அதுதான். கெட்டிக்காரர்கள் முதலில் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஜஸ்டிஸ் கட்சியின் தலைமை பெரியாரிடம் போனது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் மாநாடு. கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. இனி தேர்தலில் நிற்பதில்லை, வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ் பகதூர் பட்டங்களையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று அண்ணாவின் தீர்மானம்.

கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.ராஜன் மட்டும், "நான் சேர்ந்தது ஜஸ்டிஸ் கட்சி. அதிலேயே இருக்கிறேன்" என்கிற மாதிரி, பழைய போர்டுக்கு அடியிலேயே ஒரு சின்னக் கோஷ்டியோடு நின்றுவிட்டார்.

பிடிவாதமா? ஆமாம், பிடிவாதம்தான். பட்டத்தின் மேல் ஆசையா? அதுவும் இருந்திருக்கலாம், மனுஷன்தானே. ஆனால் அவருக்கும் பெரியாருக்கும் நடுவில் இன்னொரு பெரிய மலை இருந்தது. சாமி! இவர் பரம பக்தர். 1950-ல் சபரிமலை கோயில் தீயில் சேதமானபோது, புது ஐயப்பன் விக்கிரகம் 1951-ல் பிரதிஷ்டை ஆவதற்கு முன்னால் அதை ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோனவர்கள் இருவர். ஒருவர் நாடக நடிகர் நவாப் ராஜமாணிக்கம். மற்றவர் பி.டி.ராஜன். இன்றைக்குக் கார்த்திகை, மார்கழியில் கம்பம் ரோட்டில் 'சாமியே சரணம்' போட்டுக்கொண்டு வேன் வேனாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! 1963 மதுரை மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகத் திருப்பணியை முன்னின்று நடத்தியதும் இவர்தான். அப்படிப்பட்டவரைத் திராவிடர் கழகத்தில் கறுப்புச் சட்டையோடு கற்பனை செய்து பாருங்கள். முடிகிறதா? எனக்கு முடியவில்லை.

*

இப்போது வருகிறது 1952.

நாடு சுதந்திரம் அடைந்தபிறகு முதல் பொதுத்தேர்தல். 21 வயசு ஆன எல்லோருக்கும் ஓட்டு. நிலம் வேண்டாம், வரி வேண்டாம், எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். ஜஸ்டிஸ் கட்சி பேருக்கு ஒன்பது இடத்தில் ஆள் நிறுத்தியது. வெள்ளைக்காரனுக்கு வேண்டப்பட்ட கட்சி, ஜமீன்தார் கட்சி, செத்துப்போன கட்சி... இத்தனை பெயர் வாங்கிய கட்சி அது.

எட்டு இடத்தில் தோல்வி. ஒரே ஒரு இடத்தில் வெற்றி. கம்பம். ஜெயித்தவர் பி.டி.ராஜன். வயசு 60-ஐ நெருங்கிவிட்டது.

அன்றைய மெட்ராஸ் சட்டசபையில் மொத்தம் 375 பேர். அதில் ஜஸ்டிஸ் கட்சி உறுப்பினர் ஒருவர்! ஒரு காலத்தில் அந்த மாகாணத்தையே ஆண்ட கட்சிக்கு இப்போது ஒரே ஒரு நாற்காலி. கட்சித் தலைவர், கொறடா, உறுப்பினர் எல்லாம் அவரே. கட்சிக் கூட்டம் போட வேண்டுமென்றால் கண்ணாடி முன்னால் நின்றால் போதும். எதிரே முதல்வர் நாற்காலியில் யார்? 1937-ல் இவர்கள் இடத்தில் வந்து உட்கார்ந்த அதே ராஜாஜி! அதுவும் இந்தத் தடவை தேர்தலில் நிற்காமலேயே, மேல்சபை நியமனம் வழியாக வந்தவர். ஜெயித்து வந்தவர் தனி ஆள். ஜெயிக்காமல் வந்தவர் முதல்வர். அரசியல்!

அந்த அஞ்சு வருஷத்தில் ஆந்திரா பிரிந்ததையும், ராஜாஜி போய் காமராஜ் வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பனகல் அரசர் காலத்தில் நுழைந்தவர் காமராஜ் காலம் வரைக்கும். ரெண்டு தவணையும் சேர்த்தால் 22 வருஷம். பிறகு ஜஸ்டிஸ் கட்சி தேர்தலில் நிற்கவே இல்லை. 1974-ல் அவரும் போய்விட்டார். மகன் அரசியல் செய்தது தி.மு.க.வில். அதாவது 1944-ல் அப்பாவை விட்டுப் பிரிந்து போனவர்களின் வழியில் வந்த கட்சியில்!

எனக்கு மண்டையைக் குடைந்தது அந்த 1952 கணக்குதான். 1920-ல் ஓட்டுப் போட்டது நிலக்காரர்கள். அவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் படித்த நிலக்காரர் வேண்டியிருந்தது, சரி. 1952-ல் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் கூலிக்காரர்கள். மாகாணம் முழுக்க அவர்கள் தூக்கி எறிந்த கட்சியை, இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் எறியவில்லை? பயமா, பாசமா, பழக்கமா?

*

இதைக் கேட்க அத்தையை விட்டால் ஆள் இல்லை. அத்தை பிறந்தது கம்பம். என் தாத்தா கம்பத்தில் தோட்டக்கூலி.

அத்தை அப்போதுதான் வயலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தது. 78 வயசு. மார்க்கையன்கோட்டைக்கு ஆத்துத் தண்ணி, ரெண்டு போகம் நெல். மடையை யார் முதலில் திறந்தது என்று இன்றைக்கும் யாருடனாவது மல்லுக்கு நிற்காமல் வீட்டுக்கு வராது.

"அம்பத்திரெண்டுல தாத்தா யாருக்கு அத்தை ஓட்டுப் போட்டாரு?"

"இதக் கேக்கவா லீவு போட்டுட்டு வந்த?" என்றது. அப்புறம் திண்ணையில் உட்கார்ந்தது.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. எங்கய்யா பின்னாடி சொல்லித்தான் தெரியும். தோட்டத்து மொதலாளி ஒருத்தருக்குப் போடச் சொன்னாரு. ஊர்ப் பெரிய மனுசரு இன்னொருத்தருக்குன்னாரு. அப்பல்லாம் ஆளுக்கொரு பெட்டிடா. முத்திரையெல்லாம் கெடையாது. பெட்டி மேல படம் ஒட்டிருக்கும். காங்கிரஸுக்கு ரெட்டக்காள. சீட்ட எந்தப் பெட்டியில போடுறமோ அந்த ஆளுக்கு. உள்ள போனாராம். மறப்புக்குள்ள யாருமே இல்லையாம். 'பொறந்ததுலருந்து ஏவுறதுக்கு ஆள் இல்லாம நான் நின்னது அந்த ஒரு நிமிசந்தான் தாயீ'ம்பாரு. ரொம்ப நேரம் நின்னுட்டாராம். வெளிய இருந்து ஆபீஸரு, 'என்னய்யா, தூங்கிட்டியா'ன்னு சத்தம் போட்டிருக்காரு."

"சரி, யாரு பெட்டியில போட்டாரு? ராஜனுக்கா?"

"அதச் சொல்லவே இல்ல."

"உங்ககிட்டகூடவா?"

"எங்காத்தாகிட்டயே சொல்லல. தோட்டத்துல கேட்டதுக்கு, 'நீங்க சொன்ன பெட்டிதான் மொதலாளி'ன்னுட்டாரு. பெரிய மனுசரு கேட்டதுக்கும் அதேதான். அது கெட்டிக்கார மனுசன்டா. சாகுறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். நிலம் யாருக்கு, கடன் எவ்வளவு, எல்லாம் சொன்னாரு. இத மட்டும் சொல்லல."

நான் நோட்டை மூடினேன். அத்தை உள்ளே போய் ஒரு தட்டு நிறைய மொச்சையும் சோறும் கொண்டுவந்து வைத்தது.

"அவரு சர்னு சொல்றாங்களே அத்தை, நீ பார்த்திருக்கியா?"

"சாப்பிடுறா மொதல்ல. ஆறிப் போகுது. சாயங்காலம் தண்ணி மொறை நமக்கு. நீயும் மம்பட்டி எடுத்துட்டு வா!"